‘இல்லை’ எங்கே நிற்கிறது? ஆங்கில இலக்கணம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக் கடிதங்கள். ‘சம்’, ‘எனி’, ‘ஃபியூ’, ‘மச்’ என்று அளவு காட்டும் சொற்களையும், ‘சம்படி’, ‘நோபடி’ என்று இன்னார் என்று சுட்டாமல் ஆளைக் குறிக்கும் சொற்களையும் பற்றியே ஆளுக்கொரு பக்கமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றின் பதில் இன்னொன்றுக்கு உதவும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இதழில் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் பழகட்டும்.

காரைக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: டீச்சர், ‘யாரும் வரவில்லை’ என்பதற்கு ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று எழுதினேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு ‘நோபடி கேம்’ என்று எழுதியிருக்கிறார். யாரும் என்றால் எனிபடிதானே? ‘ஐ டிட் நாட் ஸீ எனிபடி’ என்று எழுதினால் மட்டும் சரி என்கிறார். குழப்பமாக இருக்கிறது.

நல்ல கேள்வி, மகளே. தமிழ் பேசுகிற எல்லாருக்கும் வருகிற தடுமாற்றம் இது. இதற்குக் காரணம் உன் கவனக்குறைவு அன்று. இரண்டு மொழியும் ‘இல்லை’யை வெவ்வேறு இடத்தில் வைக்கின்றன, அவ்வளவுதான்.

தமிழில் ‘யாரும்’ என்று தொடங்கிவிட்டு வாக்கியத்தின் கடைசி வரை காத்திருக்கிறோம். ‘யாரும் வர...’ என்கிற இடத்தில் நிறுத்தினால் கேட்பவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. ‘வரவில்லை’ என்று முடிக்கலாம், ‘வரலாம்’ என்றும் முடிக்கலாம். எதிர்மறை வினையில் வந்து உட்காரும்.

ஆங்கிலம் அப்படிக் காத்திருக்காது. ‘எனி’ என்கிற சொல்லை இந்தப் பொருளில் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்பே ஒரு ‘நாட்’ வந்திருக்க வேண்டும். ‘ஐ டிட் நாட் ஸீ எனிபடி’யில் ‘நாட்’ முன்னால் வந்துவிட்டது, பிறகு ‘எனிபடி’ வந்தது. ஆகவே சரி. உன் வாக்கியத்தில் ‘எனிபடி’ எழுவாயாக முதலிலேயே வந்துவிட்டது, ‘நாட்’ அதற்குப் பின்னால் வருகிறது. அதை ஆங்கிலம் ஏற்காது. அதனால் எதிர்மறையை எழுவாயோடு சேர்த்து ‘நோபடி’ ஆக்கிவிட்டு, வினையை உடன்பாடாகவே விட்டுவிடுகிறார்கள். ‘நோபடி கேம்.’ வினையில் ‘இல்லை’ கிடையாது, எழுவாய்க்குள்ளேயே இருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் ஒரு குடும்பமே உன் கைக்கு வந்துவிடும். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பது ‘நத்திங் ஹாப்பன்ட்’. ‘எந்தப் பஸ்ஸும் நிற்கவில்லை’ என்பது ‘நோ பஸ் ஸ்டாப்ட்’. ‘இரண்டு பேருமே வரவில்லை’ என்பது ‘நீதர் ஆஃப் தெம் கேம்’. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் ‘போத் டிட் நாட் கம்’ என்று எழுதுகிறார்கள். கேட்கிற ஆங்கிலேயர், இரண்டு பேரில் ஒருவராவது வந்தாரா என்று திகைப்பார். ‘எல்லாரும் வரவில்லை’யும் அப்படியே. சிலர் மட்டும் வந்தார்கள் என்றால் ‘நாட் எவ்ரிஒன் கேம்’ என்று எழுது. ஒருவர்கூட வரவில்லை என்றால் ‘நோபடி கேம்’. ‘ஆல் டிட் நாட் கம்’ என்று மட்டும் எழுதிவிடாதே.

அதேபோல ‘நோபடி டிட் நாட் கம்’ என்றும் எழுதக் கூடாது. எதிர்மறை ஒரு முறை வந்தால் போதும். இரண்டு முறை வந்தால் ‘வராதவர் ஒருவரும் இல்லை’ என்று பொருள் தலைகீழாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்படி, எனிபடி, நோபடி மூன்றும் உனக்குப் புதியவை என்று நினைக்காதே. அம்மா வாசலில் சத்தம் கேட்டு ‘யாரோ கூப்பிட்டார்கள்’ என்றால் அது ‘சம்படி கால்ட்’. ஆள் இருக்கிறார், யார் என்று தெரியவில்லை. ‘யாராவது கூப்பிட்டார்களா?’ என்றால் ‘டிட் எனிபடி கால்?’. ஆள் உண்டா இல்லையா என்பதே கேள்வி. ‘யாரும் கூப்பிடவில்லை’ என்றால் ‘நோபடி கால்ட்’. ‘யாரும் வரலாம், யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்றால் ‘எனிபடி கேன் கம்’. இங்கே எதிர்மறையே இல்லாமல் ‘எனிபடி’ முதலில் நிற்கிறது பார். ஓகாரமும், ‘ஆவது’ம், உம்மும் போட்டு இந்த வேறுபாடுகளை நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்தே செய்துகொண்டிருக்கிறாய். புதிதாகக் கற்க வேண்டியது ‘இல்லை’யின் இடம் மட்டும்தான்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முன், முன்னோரை வணங்கிப் படையலிடும் படைப்பு நடந்தது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பேரன் உறவினர்களுக்கெல்லாம் படங்களை அனுப்பி, ‘ஃபியூ ரிலேட்டிவ்ஸ் கேம் ஃபார் த படைப்பு’ என்று கீழே எழுதினான். வந்திருந்த ஆச்சி ஒருவருக்கு மனவருத்தம். ‘நாங்கள் இத்தனை பேர் வந்தோமே’ என்கிறார். பேரனோ ‘சில உறவினர்கள் வந்தார்கள் என்றுதான் எழுதினேன்’ என்கிறான். யார் சொல்வது சரி?

ஆச்சி சொல்வதே சரி. பேரன் மனதில் தவறு இல்லை, ஒரே ஒரு ‘எ’ விடுபட்டதால் பொருள் மாறிவிட்டது.

‘எ ஃபியூ ரிலேட்டிவ்ஸ் கேம்’ என்றால் சில உறவினர்கள் வந்தார்கள். ‘ஃபியூ ரிலேட்டிவ்ஸ் கேம்’ என்றால் சிலரே வந்தார்கள், வர வேண்டியவர்கள் வரவில்லை. தமிழில் ‘சிலர்’ என்பதற்கும் ‘சிலரே’ என்பதற்கும் நடுவில் ஓர் ஏகாரம்தான் நிற்கிறது. அந்த ஏகாரம் எவ்வளவு குறைபட்டுக்கொள்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்தக் குறை ‘எ’ இல்லாத இடத்தில் இருக்கிறது.

முந்தைய பதிலில் சொன்ன ‘இல்லை’ இங்கேயும் மறைந்து நிற்கிறது. ‘ஃபியூ’ பார்வைக்கு உடன்பாடு, உள்ளே எதிர்மறை. இதற்குச் சான்று வேண்டுமானால் வாக்கியத்தின் வாலில் ஒரு கேள்வியை ஒட்டிப் பாருங்கள். ‘எ ஃபியூ பீப்பிள் கேம், டிட்ன்ட் தே?’ என்பார்கள். உடன்பாட்டு வாக்கியத்துக்கு எதிர்மறை வால். ஆனால் ‘ஃபியூ பீப்பிள் கேம், டிட் தே?’ என்று உடன்பாட்டு வால்தான் வரும். எதிர்மறை வாக்கியத்தை எப்படி நடத்துவார்களோ அப்படியே ‘ஃபியூ’வையும் நடத்துகிறார்கள்.

எண்ண முடியாதவற்றுக்கு இதே இணை ‘எ லிட்டில்’, ‘லிட்டில்’. ‘தேர் இஸ் எ லிட்டில் மில்க்’ என்றால் கொஞ்சம் பால் இருக்கிறது, காப்பி போடலாம். ‘தேர் இஸ் லிட்டில் மில்க்’ என்றால் இருப்பது போதாது, கடைக்குப் போக வேண்டும்.

பேச்சில் ‘ஃபியூ’வையும் ‘லிட்டில்’லையும் ‘எ’ இல்லாமல் தனியாகச் சொல்வது கொஞ்சம் ஏட்டு வழக்கு. ‘நாட் மெனி பீப்பிள் கேம்’, ‘தேர் இஸ்ன்ட் மச் மில்க்’ என்றுதான் சாதாரணமாகச் சொல்வார்கள். குறையைச் சொல்ல வேண்டியிருந்தால் பேரனும் அப்படியே சொல்லட்டும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போதைக்கு அந்தச் செய்தியைத் திருத்தி மறுபடியும் அனுப்பச் சொல்லுங்கள். ‘மெனி ரிலேட்டிவ்ஸ்’ என்றே எழுதலாம். படைப்புக்கு வந்து இலை முன் உட்கார்ந்தவர்களை மனம் நிறையச் சொல்வதுதான் முறை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் வாசகர்: வெளிநாட்டுப் பயணிகள் நிறைய வருகிறார்கள். கடை முன் ‘மெனி ஓல்ட் ஃபர்னிச்சர்ஸ் அவைலபிள்’ என்று பலகை எழுதக் கொடுத்திருக்கிறேன். சரிதானா?

எழுத்தர் பெயிண்ட் எடுப்பதற்குள் நிறுத்திவிடுங்கள். ‘ஃபர்னிச்சர்’ ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயர். அதற்குப் பன்மை ‘ஸ்’ கிடையாது, ‘மெனி’யும் சேராது. ‘லாட்ஸ் ஆஃப் ஓல்ட் ஃபர்னிச்சர்’ என்று எழுதுங்கள்.

உங்கள் வியப்பு எனக்குப் புரிகிறது. கடையில் நாற்காலியை எண்ணலாம், பர்மா தேக்கு அலமாரியை எண்ணலாம், பிறகு எப்படி அது எண்ண முடியாதது ஆகும்? எண்ண முடியுமா என்று பொருளைப் பார்த்துக் கேட்கக் கூடாது, சொல்லைப் பார்த்துக் கேட்க வேண்டும். ‘சேர்’, ‘டேபிள்’, ‘மிரர்’ எண்ணப்படும் சொற்கள். ‘ஃபர்னிச்சர்’ அவற்றையெல்லாம் மொத்தமாகக் குறிக்கும் சொல். அதை ஆங்கிலம் அரிசியையும் தண்ணீரையும் போலவே நடத்துகிறது. எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் ‘பீஸ்’ சேர்க்கலாம். ‘த்ரீ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’.

உங்கள் கடையில் இந்த வகைச் சொற்கள் நிறைய இருக்கும். ஜுவல்லரி, கிளாஸ்வேர், எனாமல்வேர் எல்லாம் இப்படியே. கடைக்கு வெளியே லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஈக்விப்மென்ட், ஹோம்வொர்க். இவற்றில் எதற்கும் ‘மெனி’ வராது, ‘ஃபியூ’ வராது, ‘செவரல்’ வராது. ‘மச்’, ‘லிட்டில்’, ‘எ லாட் ஆஃப்’, ‘சம்’ வரும். பயணி கேட்டால் ‘ஐ கேன் கிவ் யூ சம் இன்ஃபர்மேஷன்’ என்று சொல்லுங்கள்.

பலகைக்கு இன்னொரு யோசனை. உடன்பாட்டு வாக்கியத்தில் ‘மச்’ தனியாக நின்றால் காதுக்கு இசையாது. ‘வீ ஹாவ் மச் ஃபர்னிச்சர்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மச்’சுக்குக் கேள்வியும் எதிர்மறையும்தான் இயல்பான இடம். ‘ஹவ் மச்?’ என்று வாடிக்கையாளர் கேட்பார், ‘நாட் மச்’ என்று நீங்கள் சொல்லலாம். உடன்பாட்டில் ‘எ லாட் ஆஃப்’ இரண்டு வகைப் பெயருக்கும் பொருந்தும். ‘எ லாட் ஆஃப் சேர்ஸ்’, ‘எ லாட் ஆஃப் ஃபர்னிச்சர்’. சந்தேகம் வந்தால் அதையே எழுதுங்கள்.

கானாடுகாத்தானில் ஒரு விடுதியில் உணவு பரிமாறும் தம்பி: கேள்வி வாக்கியத்தில் ‘எனி’தான் வர வேண்டும் என்று பள்ளியில் படித்தேன். ஆனால் எங்கள் மேலாளர் விருந்தினரிடம் ‘வுட் யூ லைக் சம் பணியாரம்?’ என்றுதான் கேட்கச் சொல்கிறார். எது சரி?

உங்கள் மேலாளர் சொல்வது சரி. அவர் சொல்வதில் விருந்தோம்பலும் இருக்கிறது.

பள்ளி விதி பாதிதான் உண்மை. பதில் உண்டா இல்லையா என்று உண்மையிலேயே தெரியாதபோது ‘எனி’. ‘டூ யூ ஹாவ் எனி லக்கேஜ்?’ என்பது அப்படிப்பட்ட கேள்வி. ஆனால் ஒன்றைக் கொடுக்கும்போதும், ஒன்றைக் கேட்டு வாங்கும்போதும் ‘ஆம்’ என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் பேசுகிறோம். அங்கே ‘சம்’. ‘வுட் யூ லைக் சம் காஃபி?’, ‘குட் ஐ ஹாவ் சம் வாட்டர்?’. பணியாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘டூ யூ வான்ட் எனி பணியாரம்?’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொன்னாலும் சரி என்கிற தொனி வந்துவிடும். நம் ஊர்ப் பந்தியில் ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?’ என்று கேட்போமே தவிர, ‘ஏதாவது வேண்டுமா, வேண்டாமா?’ என்று கேட்பதில்லை.

விருந்தினர் ‘எந்த அறையானாலும் சரி’ என்றால் ‘எனி ரூம் இஸ் ஃபைன்’ என்பார். கேள்வியும் இல்லை, எதிர்மறையும் இல்லை, அப்போதும் ‘எனி’ வரும். எது வேண்டுமானாலும் என்கிற பொருள் அது. ‘சம் ரூம்’ என்று அவர் சொல்ல மாட்டார்.

புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதும் வாசகர்: ஏற்றுமதிக் கடிதத்தில் ‘லெஸ் பேக்ஸ்’ என்று எழுதினேன். முதலாளியின் மகன் ‘ஃபியூவர் பேக்ஸ்’ என்று மாற்றினார். அடுத்த வரியில் ‘லெஸ் தேன் 25 கிலோஸ்’ என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டார். கிலோவையும் எண்ணத்தானே செய்கிறோம்?

இரண்டிலும் அவர் செய்தது சரி. மூட்டையை ஒவ்வொன்றாக எண்ணுகிறோம், ஆகவே ‘ஃபியூவர் பேக்ஸ்’. அரிசியை அளக்கிறோம், ஆகவே ‘லெஸ் ரைஸ்’. 25 கிலோ என்பது எழுத்தில் எண்ணாக இருந்தாலும் நினைப்பில் ஒரே அளவு. தராசில் நிற்கிற ஒரு எடையைச் சொல்கிறீர்கள், இருபத்தைந்து தனித்தனிப் பொருளை அன்று. பணம், தூரம், நேரம் எல்லாமே இப்படித்தான். ‘லெஸ் தேன் 500 ருபீஸ்’, ‘லெஸ் தேன் டென் கிலோமீட்டர்ஸ்’, ‘லெஸ் தேன் டூ அவர்ஸ்’.

இந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘லெஸ்’ஸை எண்ணும் பெயருக்கு முன் வைப்பது ஆங்கிலத்தில் மிகப் பழைய வழக்கம். 1770இல் ராபர்ட் பேக்கர் என்ற ஆங்கிலேயர், ‘நூற்றுக்குக் குறையாமல்’ என்பதற்கு ‘லெஸ்’ஸைவிட ‘ஃபியூவர்’ தனக்கு நயமாகவும் சரியாகவும் படுகிறது என்று எழுதினார். ஒருவருடைய விருப்பமாகத் தொடங்கியது பிற்காலத்தில் பள்ளிக்கூட விதியாக இறுகிவிட்டது. இங்கிலாந்தின் டெஸ்கோ அங்காடிகளில் குறைந்த பொருள் வாங்குவோருக்கான வரிசையில் ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்ற பலகை இருந்தது. அதைப் பற்றி எழுந்த குறைகளுக்குப் பிறகு 2008இல் ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று மாற்றினார்கள். பேசும்போது ‘லெஸ் பேக்ஸ்’ என்றால் ஒன்றும் குடிமுழுகாது. வணிகக் கடிதத்தில் ‘ஃபியூவர்’ என்றே எழுதுங்கள், படிக்கிறவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது.

ஆத்தங்குடியிலிருந்து ஓர் ஆசிரியை: பள்ளி அறிவிப்பில் ‘எவ்ரிஒன் மஸ்ட் பிரிங் தெயர் வாட்டர் பாட்டில்’ என்று எழுதினேன். ‘எவ்ரிஒன்’ ஒருமை, ‘ஹிஸ்’ என்று போடுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். என் வகுப்பில் பாதிக்குமேல் பெண்பிள்ளைகள்.

நீங்கள் எழுதியதை மாற்ற வேண்டாம். ‘எவ்ரிஒன்’, ‘சம்படி’, ‘நோபடி’ எல்லாம் வினைக்கு ஒருமைதான். ‘எவ்ரிஒன் இஸ் ஹியர்’ என்று எழுதுகிறோம், ‘ஆர்’ என்று எழுதுவதில்லை. ஆனால் அவற்றைத் திரும்பச் சுட்டும்போது ‘தே’, ‘தெயர்’ வருவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘ஹிஸ்’தான் சரி என்பது பின்னால் இலக்கணக்காரர்கள் சொல்லிய விதி. அமெரிக்க உளவியல் சங்கம் 2019இல் வெளியிட்ட தன் எழுத்துநடை வழிகாட்டியின் ஏழாம் பதிப்பில், ஆணா பெண்ணா என்று குறிப்பிடாத ஒருவருக்கு ‘தே’யைப் பயன்படுத்தும்படி சொல்கிறது. ஆய்வுக்கட்டுரைகளுக்கே அதுதான் நடை என்றால் பள்ளி அறிவிப்புக்கு ஏன் தயங்க வேண்டும்?

தலைமையாசிரியரிடம் ஒரு தமிழ் வாக்கியத்தைக் காட்டுங்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டால் ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்கிறோம். நிற்பவர் ஒருவராக இருக்கலாம். ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்று தெரியாததால் பலர்பாலில் சொல்லி மரியாதையைக் காப்பாற்றுகிறோம். ஆங்கிலத்தில் ‘தெயர்’ செய்வதும் அதே வேலைதான். ‘ஹிஸ்’ என்று எழுதினால் உங்கள் பெண்பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவர வேண்டியதில்லை என்றாகிவிடும். அந்த அறிவிப்பில் அவர்களும் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேவகோட்டையில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் ‘இஸ்’ வருமா ‘ஆர்’ வருமா? ‘ஈச்’, ‘நன்’, ‘எ நம்பர் ஆஃப்’ இவற்றுக்கும் சொல்லுங்கள்.

‘ஒன் ஆஃப்’ வந்தால் பெயர் பன்மை, வினை ஒருமை. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் இன் தேவகோட்டை.’ பேசப்படுவது அந்த ஒருவர். ‘ஈச்’சும் ‘எவ்ரி’யும் ஒருமை. ‘எவ்ரி’க்குப் பின் ‘ஆஃப்’ நேரடியாக வராது, ‘எவ்ரி ஒன் ஆஃப் தெம்’ என்று இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும். ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் பல மாணவர்கள், ஆகவே ‘ஆர்’. ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் மாணவர்களின் எண்ணிக்கை, ஆகவே ‘இஸ்’. ‘நன் ஆஃப் தெம்’ இரண்டு வினையையும் ஏற்கும், இரண்டுமே தவறில்லை. ‘நீதர் ஆஃப் தெம்’முக்குத் தேர்வில் ஒருமை போடுங்கள்.

கோட்டையூரிலிருந்து ஒரு வாசகர்: ‘மோஸ்ட் ஆஃப் பீப்பிள்’ என்று எழுதினால் தவறாமே?

ஆமாம். பொதுவாக மக்களைச் சொன்னால் ‘மோஸ்ட் பீப்பிள்’, நடுவில் ‘ஆஃப்’ வேண்டாம். குறிப்பிட்ட கூட்டத்தைச் சொன்னால் ‘மோஸ்ட் ஆஃப் த பீப்பிள் இன் கோட்டையூர்’, அங்கே ‘ஆஃப்’புக்குப் பின் ‘த’ கட்டாயம். ‘சம்’, ‘மெனி’, ‘எ ஃபியூ’ எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்குதான்.